எழுபத்திரண்டில் ஒரு துரத்தல்

பெட்ரோல் மிச்சமாகும் வேகம் இதுதான் என்று எல்லாக் குடும்பக் கார்களையும் அரசாங்கம் மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டரில் பூட்டிவைத்திருந்த காலம் அது. நப்பின்னை ஜோயலோடு வீட்டைவிட்டு ஓடியது எழுபத்திரண்டில். அவள் அப்பா தன் காரில் துரத்தியதும் அதே எழுபத்திரண்டில்தான். தாம்பரத்தில் நூறடி பின்னால் தெரிந்தவர், விழுப்புரம் தாண்டியும் அதே நூறடியில் வந்துகொண்டிருந்தார்.

கைபேசி அடித்தது.

"ஓடுகாலி! கையில மாட்டுனா காலை ஒடிச்சுடுவேன்!" என்று கத்தினார் அப்பா. பிறகு குரல் இறங்கியது. "ஏம்மா, எங்கயாவது நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

நப்பின்னைக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை. மணிக்கொரு தடவை இறங்கியாக வேண்டும். இறங்கினால் இவர்களைக் கோட்டைவிட்டுவிடுவார்; இந்த வேகத்தில் அப்புறம் ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது.

"நிறுத்து ஜோயல்."

"பைத்தியமா உனக்கு? மாட்டிக்குவோம்!"

"நிறுத்துன்னா நிறுத்து."

உளுந்தூர்பேட்டை மோட்டலில் இரண்டு கார்களும் நின்றன. அப்பா இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழிப்பறைக்கு ஓடினார். நிதானமாகத் திரும்பி வந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"ம், முன்னாடி போ," என்றார். "திருச்சிக்குள்ள உன்னைப் பிடிக்கல, நான் உங்கப்பனே இல்ல."