டுவேனின் சம்பளம்

“அறுபதாயிரம்னு போடு வெர்னா. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள் மார்லிஸ்.

ஜோலினுக்குச் சுருக்கென்றது. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்தாள்.

“அண்ணி, உங்க தம்பிக்கு இருபத்துநாலாயிரம் டாலரே போதும். சம்பளம்னு எழுதினாத்தான் தனியா ஒரு வரி. லாபம்னு எடுத்துக்கிட்டா அந்த வரி கிடையாது. கம்பெனியை எஸ் கார்ப்பரேஷன்னு பதிவு பண்ணி வச்சிருக்கறதே அதுக்குத்தானே? ஆணிக்கடை அர்விட் கூட வருஷாவருஷம் இப்படித்தான் பண்றார்.”

“அர்விட் கதை எனக்கு வேண்டாம்.”

“அஞ்சாயிரத்துச் சொச்சம் வரிக்கே போயிடும் அண்ணி! அதை வச்சு ஒரு ரூம் கட்டலாம்னு இருக்கோம். இருக்கற ரெண்டும் ஒரே கட்டில்ல உதைச்சுக்கிட்டுத் தூங்குது. மூணாவதை எங்கே போடுறது?”

“உதைக்கட்டும். நானும் டுவேனும் அப்படித்தான் வளர்ந்தோம். அவன் முன்பல்லு எப்படிப் போச்சுன்னு நினைச்சே?”

ஆடிட்டர் வெர்னா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சட்டப்படி பார்த்தாலும் இருபத்துநாலாயிரம் ரொம்பக் கம்மிதான் ஜோலின். மினசோட்டாக் குளிர்ல ஹீட்டர் ரிப்பேர் பண்றவனுக்கு இதுதான் சம்பளமான்னு வரி ஆபீஸ்ல கேட்பாங்க.”

சம்பளத்தை முடிவு செய்யும் கம்பெனித் தீர்மானத்தில் அறுபதாயிரம் ஏறியது. மார்லிஸ் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுக் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ் மஞ்சளாகப் பனியில் நின்றிருந்தது.

“ஸ்கூல் விடுற நேரம். வர்றேன்.”

கதவு சாத்தியதுதான் தாமதம், ஜோலின் கொட்டித் தீர்த்தாள்.

“மாமனார் விட்டுட்டுப் போன கம்பெனி. ஒரு திருகைக் கூடத் திருகாம பாதி லாபம் வாங்கறாங்க. ஊரார் வீட்டு நிலவறையில ஹீட்டருக்கு அடியில படுத்து எழுந்திருக்கறது என் புருஷன்! அவருக்கு நாலு காசு மிஞ்சினா இவங்களுக்குப் பொறுக்கலை!”

வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“‘நான் கிளம்பினப்புறம் ஜோலின்கிட்ட சொல்லு’ன்னு மார்லிஸ் சொல்லியிருந்தாங்க. போன மாசம் தனியா வந்தாங்க ஜோலின். ‘உழைக்கறவன் அவன், என் லாபத்தைக் குறைச்சு அவனுக்குக் குடு’ன்னாங்க. சட்டம் விடாதுன்னேன். பங்கு சரிபாதின்னா லாபமும் சரிபாதியாத்தான் பிரிக்கணும்.”

“அவங்களா கேட்டாங்க?”

“அர்விட்டுக்குப் பங்காளி கிடையாது. சம்பளத்தைக் குறைச்சாலும் மிச்சமெல்லாம் அவருக்கே. உங்க வீட்டுல அப்படியா? சம்பளம் போக மிஞ்சறதுதான் லாபம். டுவேன் குறைச்சுக்கிட்ட ஒவ்வொரு ரெண்டு டாலர்லயும் ஒண்ணு இத்தனை வருஷமா அவங்ககிட்ட போயிட்டிருந்தது. இனிமே அந்த வரியைக் கட்டினப்புறமும் உங்களுக்கு வருஷம் பதிமூணாயிரம் கூட வரும். அவங்களுக்குக் கிட்டத்தட்ட இருபதாயிரம் குறையும்.”

ஜோலின் ஜன்னலைப் பார்த்தாள். பஸ் திருப்பத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

“அதை என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே? இப்படிக் கெட்ட பேர் வாங்கிட்டுப் போகணுமா?”

“நானும் அதையேதான் கேட்டேன். ‘விஷயம் ஜோலினோட நிக்கட்டும். நான் குடுக்கறேன்னு தெரிஞ்சா டுவேன் தொட மாட்டான். சம்பளம்னா வாங்கிப்பான்’னாங்க.”