மூக்கில் வந்த குமிழி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு குமிழியின் கதை சொல்கிறேன். சின்னதுதான்.

தண்ணீர்த் தொட்டிக்குள் வண்டியை அமுக்கிப் பிடித்திருந்தாள் அவள்.

நிலத்திலும் நீரிலும் ஓடவேண்டிய ரிமோட் வண்டி. கல்லூரிப் போட்டிக்காக அவளும் மூன்று பையன்களுமாக நான்கு பேர் நான்கு மாதமாகக் கட்டியது. சற்று முன், குளத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க, வண்டியின் முன்மூக்கு முதலில் முங்கியது.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவே கடைசி. இன்னும் கால் மணி நேரத்தில்.

பையன்கள் டார்ச் அடித்து, தண்ணீர் எங்கே நுழைந்தது என்று உள்ளே தேடிக் களைத்துவிட்டார்கள். நேற்று வரை ஒரு சொட்டுகூட இறங்காத வண்டி.

காற்று எங்கே வெளியேறும்?

அவளுக்கு அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் பஞ்சர் கடையில், சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தே வளர்ந்தவள்.

வண்டியின் மூடியை இன்னும் இறுக்கினாள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனா குழாயில் வாயை வைத்து ஊதினாள்.

"ஏய், என்ன நாதஸ்வரமா வாசிக்கிற?" என்றான் ஜெயசீலன்.

பதில் சொல்ல வாய் சும்மா இல்லை.

சக்கர அச்சில் ஒன்றும் இல்லை. மோட்டார் பக்கமும் இல்லை. கன்னம் வலிக்க ஊதினாள்.

மூக்கில், கடுகளவு, ஒரு குமிழி.

எழும்பி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

குனிந்து பார்த்தாள்.

பித்தளைத் தகடு. அதில் நான்கு பெயர்கள். முதல் பெயர் அவளுடையது, அணித் தலைவி. போட்டோவில் விழட்டும் என்று இன்று காலை அவளே துளை போட்டு, இரண்டு திருகாணி வைத்து முடுக்கியது.

தகட்டைக் கழற்றினாள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். பையில் கிடந்த பஞ்சர் சொல்யூஷனைப் பிதுக்கினாள். மிச்சமிருந்தது அந்த இரண்டு துளைக்குத்தான் வந்தது. ரப்பர் துண்டை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"தலைவியம்மா, பேரில்லாமயா இறக்குறது?" என்றான் ஜெயசீலன்.

"பேரா மிதக்கப் போகுது? தள்ளுடா."

வண்டி சரிவில் இறங்கியது.

தண்ணீர்.

நடுக்குளம்.

முங்கிய இடம்.

தாண்டியது.

கூட்டம் எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தியது. யாருடைய வண்டி, யாருடைய வண்டி என்று ஒலிபெருக்கி கேட்டது.

ரிமோட் ஜெயசீலன் கையில். தகடு அவள் கையில்.

அவள் கரையைப் பார்க்கவில்லை. வண்டியின் மூக்கருகே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குமிழிகூட இல்லை.

நீங்கள் ஊதிப் பார்க்கிற இடத்தில் குமிழி எழும்பட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டும் ஒழுகாதிருக்கட்டும்.