எதிர்க்கரைக் கானாங்கோழி

உயிருள்ள ஒரு பறவையின் குரலை, பறவைகளே காணாமல்போன இந்தச் சதுப்பு நிலத்தில் பதிவு செய்தால்தான் சூழலியல் மாணவர்களுக்குப் பட்டம். ருக்கையா மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறாள், ஒரு குருவிகூட வாய் திறக்கவில்லை. இன்றோடு கெடு முடிகிறது. வழக்கம்போல் கானாங்கோழியின் பழைய குரலை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, பதிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

பதிவுக் கருவியைத் தட்டக்கூட மறந்து, முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து அக்கரைக்குப் போனாள். கோரையை விலக்கிப் பார்த்தால், அவளோடு படிக்கும் இளம்பரிதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மடியிலும் ஓர் ஒலிபெருக்கி. அதிலும் அதே பழைய குரல்.

அவன் போனில் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தான். "பதில் சொல்லிச்சும்மா. நெசமாத்தான். அந்தக் கரையில ஒண்ணு உசிரோட இருக்கு. பதிவு பண்ணிட்டேன்."

அது நான்தான்டா என்று சொல்ல வாயெடுத்தாள்.

சத்தமில்லாமல் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். குரலை மறுபடியும் போட்டாள். எதிர்க்கரை உடனே பதில் சொன்னது.

இந்த முறை அவள் பதிவுக் கருவியைத் தட்ட மறக்கவில்லை.