மூவாயிரத்து இருநூறு சதவீதம்

"அண்ணே, கழுகு லிஃப்ட்ல ஏறிடுச்சாம். இப்ப நான் என்ன செய்ய?"

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மவுஸை விட்டுவிட்டு உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேசை சீனியர் குரலைத் தாழ்த்தினார்.

"வாயைத் திறக்காம இரு, பொழைச்சுக்குவ. உனக்கு முன்னாடி இந்தச் சீட்ல இருந்தவன், 'கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க சார்'னு சொன்னான். இப்ப அவன்தான் தள்ளி நிக்கிறான், வேலைக்கு மனு போடுற வரிசையில."

கழுகு என்பது தலைமை மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பிடிக்கவும் செய்யும். எந்தப் படத்தையும் மூவாயிரத்து இருநூறு சதவீதம் பெரிதாக்கித்தான் பார்ப்பார். தானாக ஒரு குறையும் சொல்லமாட்டார். "என்ன தெரியுது? நீயே சொல்லு" என்பார். செய்த தப்பு, செய்யாத தப்பு எல்லாவற்றையும் எதிராளி பயத்தில் ஒப்பித்துவிடுவான். இந்தத் திறமையைப் பாராட்டி நிர்வாகம் அவருக்கு விருதே கொடுத்திருக்கிறது.

அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அவர் கையெழுத்தில். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

மேலாளர் வந்தார். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலுக்காக அவள் வரைந்த நீலத் துளியைப் பெரிதாக்கினார். இன்னும், இன்னும். மூக்கு திரையை உரசியது. வழவழவென்றிருந்த விளிம்பு, பல் பல்லாக உடைந்து நின்றது.

"என்ன தெரியுது? நீயே சொல்லு."

"படிக்கட்டு மாதிரி தெரியுது சார்."

"துளியில எதுக்கும்மா படிக்கட்டு? யார் ஏறப் போறாங்க?"

சீனியர் கடமைக்குச் சிரித்தார்.

"அது நான் வரைஞ்சதுல இல்ல சார். இங்கிருந்து அங்க வரைக்கும் இவ்வளவு வளைவுன்னு கணக்குப் போட்டு வரைஞ்ச கோடு, பிசிறே கிடையாது. ஆனா அதைப் படமா மாத்தும்போது குட்டிக் குட்டிக் கட்டமாத்தான் வருது. பாதி உள்ள, பாதி வெளிய விழுற கட்டத்துக்கு கம்ப்யூட்டர் வெளிர்நீலம் அடிச்சு நம்ம கண்ணை ஏமாத்துது."

"என் கண்ணையா?"

மேலாளர் திரையிலிருந்து முகத்தை எடுத்தார்.

"எல்லார் கண்ணையும்தான் சார். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க..."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சீனியர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மேலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது.

"என் ரூமுக்கு வா."

அவள் பின்னாலேயே போனாள்.

"கதவைச் சாத்து." இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் தள்ளினார். "படி."

வேலைநீக்கக் கடிதம் என்றே அவள் நினைத்தாள். "மன்னிச்சிருங்க சார். தெரியாமப் பேசிட்டேன். மத்தியானத்துக்குள்ள வேற துளி வரைஞ்சு..."

"படின்னா படி. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி."

தாளைப் பிரித்தாள். தலைப்பில் அலுவலகத்தின் பெயர் இல்லை. ஏதோ ஒரு மருத்துவமனையின் பெயர் இருந்தது.

"'இரண்டு கண்களிலும் பார்வை வேகமாகக் குறைந்து வருகிறது...'" அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

மேலாளர் மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தார்.

"நிறுத்தாதம்மா. நாலு நாளா பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறேன், ஒரு எழுத்தும் தெரியல... கீழ இன்னும் ஏதாவது எழுதியிருக்கா?"