கிளியர்

அய்யாதுரை நீட்டிய ஜெராக்ஸ் காகிதத்தை வெங்கடரமணன் கையில் வாங்கினார். ஆனால் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தைதான் சார் எனக்குப் படிக்க வந்துச்சு. கிளியர். நல்ல வார்த்தையாச்சே சார்? எம் பொண்ணு அரியர் கிளியர் பண்ணப்போ தெரு பூரா கேசரி குடுத்தோமே."

மயிலாப்பூரில் வெங்கடரமணன் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் அய்யாதுரை. வண்டிக்குப் பெர்மிட் கேட்டு இரண்டு வருஷமாக வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்.

நேற்றுக் காலை அதே ஆபீஸ் லாரியில் வந்த ஆட்கள் இந்தக் காகிதத்தைக் கொடுத்து, "கிளியர் பண்ணச் சொல்லி ஆர்டர்" என்றார்கள். பெர்மிட்தான் கிளியர் ஆகிவிட்டதாக்கும் என்று மனுஷன் பூரித்துப்போய், நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டீயைக் குடித்துவிட்டு வண்டியை லாரியில் ஏற்றினார்கள். பெட்டியில் கரி கூட அணையவில்லை.

வெங்கடரமணன் முப்பது வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடைஞ்சலா இருக்கறதை எடுத்துட்டு, வழி பண்றது."

"இடைஞ்சல்னா இன்னா சார், வண்டியா?" அய்யாதுரை கொஞ்சம் யோசித்தார். "நானா?"

கையால் எழுதிய அந்தப் புகார்க் காகிதத்தில், அந்த இடத்தில் முதலில் 'ரிமூவ்' என்றுதான் இருந்தது. அதை அடித்துவிட்டு, மேலே 'கிளியர்' என்று திருத்தியிருந்தது. கடுமையாகத் தெரியக் கூடாதே என்று. அடியில் பேர் இல்லை. 'குடியிருப்போர்' என்று மட்டும்.

"போவட்டும் சார். வண்டியத் திருப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. வேற யார் கீறாங்க எனக்கு?"

வெங்கடரமணன் பேனாவைத் திறந்தார். இங்கிலீஷில் சேர்த்துச் சேர்த்து ஓடியே பழகிய கை. அதைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தார். காதுமடல் சுட்டது.

அய்யாதுரை பக்கத்தில் நின்று இரண்டு வரி முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"துணி மூட்டையில, பட்டன் ஜாக்கிரதைன்னு இங்கிலீஷ்ல சீட்டு குத்தி அனுப்புவீங்களே, அந்தக் கையெழுத்துலயே எழுதுங்க சார். அதுக்குத்தான் ஆபீஸ்ல லாரி அனுப்பறாங்க."