பிசிக்ஸா, கெமிஸ்ட்ரியா?

"கெமிஸ்ட்ரி போதும்ப்பா. சொன்னாக் கேளுங்க!"

"பிசிக்ஸ்தான். எழுதும்மா."

கல்லூரிச் சேர்க்கைப் பிரிவின் மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே அப்பாவும் மகளும் கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் இப்படிப் பத்துப் பதினைந்து அப்பாக்களைப் பார்த்துவிட்டான். முதல் வருடத்தில் இரண்டில் ஒன்று கட்டாயம். எது என்ற கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பிய விண்ணப்பம் மகளின் கையில் இருந்தது.

"பிசிக்ஸ்ல பக்கத்துக்குப் பக்கம் கணக்கு வரும்ப்பா."

"வரட்டுமே. வந்தா என்ன, கடிச்சா வைக்கும்?"

"போன வருஷம் பாதிப் பேர் ஃபெயில். அந்தப் பாடம் எடுக்கிறவங்க லேசுப்பட்டவங்க இல்ல. அரை மார்க்கூடச் சும்மா போட மாட்டாங்க."

"நானும் கேள்விப்பட்டேன். ஆனா, புரியற மாதிரி நடத்துவாங்களாமே?"

மகள் அறிவிப்புப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், பிசிக்ஸ் மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன் தம்பி. பாரம் ஏத்தின வண்டி பிரேக் போட்டாலும் இழுத்துட்டுப் போகும். வளைவுல சாயும். எல்லாம் கைக்குத் தெரியும், ஏன்னு மட்டும் தெரியாது. வீட்லயும் அப்படித்தான். இவ எத்தனாவது படிக்கிறான்னே, போன்ல இவங்க அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்."

தனக்குக் கிடைக்காததை மகள் தலையில் கட்டுகிறார் என்று குமாஸ்தா முடிவு செய்தான். அவனையும் அவன் அப்பா இப்படித்தான் கெமிஸ்ட்ரியில் தள்ளிவிட்டார். மூன்று தடவை எழுதியும் தேறவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். படிக்கப் போறவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க."

"அப்படிச் சொல்லுங்க!" அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? தம்பியே சொல்லிட்டாரு."

ஆதரவாகப் பேசப் போய் எங்கே இடறினோம் என்று குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. மகள் பெருமூச்சு விட்டாள். ஜன்னல் கட்டையில் தாளை வைத்து, காலிக் கட்டத்தில் 'இயற்பியல்' என்று எழுதி உள்ளே தள்ளினாள்.

பாவம், இன்னொன்று மாட்டிக்கொண்டது என்று நினைத்தபடி அவன் தாளைத் திருப்பி அவளிடமே நீட்டினான். "மாணவர் கையெழுத்து போடலையே."

அவள் பேனாவை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணி," என்றாள் மகள். "ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும், அப்பான்னெல்லாம் பார்க்க மாட்டேன். என் கிளாஸுக்கு வெளியேதான் நிக்கணும்."