ரத்த உறவு ஒருவர்

ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்குக் காது அடைத்துப்போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

மகள் மாரிச்செல்வியைத் தற்கொலைக்குத் தூண்டினான் என்று புகார் கொடுத்தவளே அவள்தான். கூண்டில் நிற்பவன் மருமகன் இசக்கிராஜா.

அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் அவன்தான்.

தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பார்களா என்று சொந்தபந்தம் கேட்டது. அவளும் அதையேதான் கேட்டாள்.

அவனுடைய வக்கீல் என்னமாய்ப் பேசினார்!

"போய்ச் செத்துத் தொலைன்னு சொன்னாருங்கய்யா, இல்லேங்கல. கோவத்துல எந்த வீட்டுல சொல்லல?"

நீதிபதி தலையசைத்தார். அதையெல்லாம் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாமாம். அதுவரை உள்ளே வைத்திருக்கத் தேவையில்லையாம்.

அட, நாசமாய்ப் போக! ஒரு உயிர் போயிருக்கிறது.

நம்ப முடியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளார்க் நிபந்தனையைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும்.

ஒருவர் தயாராக முன்னே வந்தார். அவன் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி.

"ரத்த சொந்தம் யாருப்பா?"

யார் இருக்கிறார்கள்? அவன் நடக்கப் பழகுவதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவன் திரும்பினான். கூண்டுக்கு வெளியே கையை நீட்டினான்.

"அந்தா, எங்கக்கா இருக்கு."

அடப்பாவி!

அவன் முகத்தில் கள்ளம் இருந்தாலாவது தாங்கியிருப்பாள். அது இல்லை. வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவா என்று வாத்தியார் விரட்டியபோதும் இதே முகம்தான். சைக்கிளில் யாரையோ இடித்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோதும் இதே கைதான்.

அக்கா இருக்கு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கவனித்தாள். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

எப்போது எழுந்தாள்? தெரியவில்லை. அவன் பெயரைச் சொல்லி ஆள் கேட்டால் தானாக எழுந்துவிடுகிற கால்கள். பாழாய்ப்போன கால்கள்!

கல்யாணமாகித் தலை ஆடிக்கு வந்த மாரிச்செல்வி, ஆடி முடிந்தும் போகமாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மாமா குடிச்சா வேற ஆளும்மா என்றாள்.

இவள்தான் துணிப்பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"எங் கையில வளந்த பயடி. அவனுக்கு நான் பொறுப்பு. கெளம்பு."

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிளார்க் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். புகார் கொடுத்தவள் இவள்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து எத்தனை வழக்கு, எத்தனை முகம்.

"ஏம்மா, இவருக்கு நீங்க பொறுப்பேத்துக்கிறீங்களா?"

தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போய்விடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

"ஒருக்கா ஏத்துக்கிட்டேன்யா" என்றாள். "எம் மககிட்ட."

உட்கார்ந்துவிட்டாள்.